மூன்றாவது ஈத்து

பெண் நாயை ஒரு குடும்பத்தில் பங்குக்கு வளர்க்கக் கொடுக்கலாமா என்று, நாய் வளர்ப்புத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் என்னிடம் தனித்தனியே கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொருவருக்கும் "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். அது அகந்தையாகத் தோன்றியிருக்கலாம். தோன்றினால் தோன்றட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் அண்மையில் உங்களில் ஒருவர் விடாமல் வாதாடினார். "நாய்க்கு ஒரு வீடு கிடைக்குது, நமக்குக் குட்டி கிடைக்குது. இதுல யாருக்கு சார் நஷ்டம்?" என்றார். அவருக்கு நேரில் பதில் சொல்ல என்னால் இயலவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

தீவனம், தடுப்பூசி, இணை சேர்க்கும் பருவம் ஆகியவற்றை நீங்கள் என்னைவிட நன்றாகவே அறிவீர்கள். அவற்றைப் பற்றி இங்கே ஒன்றும் இல்லை. எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லாத ஒரு பிற்பகலைப் பற்றி மட்டுமே சொல்லப் போகிறேன்.

நான் பட்டம் பெற்றவன். கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு அரசு வேலைக்குப் போகாமல், செவிலிமேட்டில் எங்கள் தோப்பை ஒட்டிய வீட்டில் அல்சேஷன் நாய்களை வளர்க்கத் தொடங்கியபோது, "படிச்ச புள்ள நாய் மேய்க்குது" என்று காஞ்சிபுரத்தில் என் காதுபடவே பேசினார்கள். அந்தப் பேச்சுக்கு என் நாய்களைக் கொண்டே பதில் சொன்னேன். என் வீட்டிலிருந்து நோயுற்ற குட்டி ஒன்றுகூட வெளியே போனதில்லை. ஒரு தாயை அவளால் தாங்க முடியாத அளவுக்கு ஈன வைத்தேன் என்று எவரும் என்னைச் சொல்ல இடம் கொடுத்ததில்லை. ஒருமுறை சொன்னார்கள். அதுதான் இந்தக் கதை.

அறுபதுகளின் பிற்பகுதி. என்னிடம் டயானா என்ற இளம் பெண் நாய் இருந்தது. எலும்பமைப்பிலும் நடையிலும் அதற்கு இணையானதை அதற்குப் பின் நான் வளர்க்கவில்லை. ஒரே ஒரு குறை. கூண்டில் வளர்ந்த நாய் என்பதால் மனிதர் சந்தடி கேட்டால் மிரண்டது. மிரளும் தாயின் குட்டிகளும் மிரளும். ஆகவே நான் வெளியே போகும்போதெல்லாம் அதைக் கூடவே நடத்திச் சென்றேன். அப்படித்தான் ஒருநாள், என் மனைவிக்கு ஒரு சேலை நெய்யச் சொல்ல, பிள்ளையார்பாளையத்தில் மாசிலாமணி என்ற நெசவாளர் வீட்டுக்குப் போனேன். (அது அவருடைய உண்மைப் பெயர் அன்று.)

தறிக்குழியை உங்களில் வெளியூர்க்காரர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தறிக்கு முன்னால் தரையில் இடுப்பளவு குழி தோண்டியிருப்பார்கள். நெசவாளர் குழியின் விளிம்பில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிகட்டைகளை மிதிப்பார். நெய்த துணியைச் சுற்றும் உருளைமரம் அவருடைய மடிக்கு நேர் மேலே குறுக்காகக் கிடக்கும். அதற்கப்பால் சேலையின் நீளவாட்டு நூல்களான பாவு இழைகள், கைக்கெட்டும் உயரத்தில், அறையின் நீளத்துக்கும் விரிந்திருக்கும். கீழே இருட்டு.

நான் சேலையின் கரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு சைக்கிள் மணி அடித்தாலும் நடுங்கும் டயானா, தறி போட்ட அத்தனை சத்தத்துக்கும் நடுவே நடந்து சென்று, மாசிலாமணியின் கால்களுக்கிடையில் குழிக்குள் இறங்கிச் சுருண்டு படுத்துக்கொண்டது.

"இன்னா சார், உங்க தொரசாணி என் குழிய புடிச்சுக்கினாளே!" என்று அவர் கால்களைத் தூக்கிக்கொண்டார்.

"பயப்படாதீங்க, கடிக்காது," என்றேன்.

அவர் மனைவி அலமேலு ராட்டையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "கடிக்கலன்னா இருக்கட்டும் சார். மழக்காலத்துல குழி ஈரத்துல இவரு காலு மரத்துப் போவுது. கம்பளிக்கு பதிலா ஆவும்."

"கம்பளி சோறு கேக்காதுடி," என்றார் மாசிலாமணி.

"நீ கேக்கறியே, போடலியா?"

அந்தத் தம்பதிக்குக் குழந்தை இல்லை. அடுத்தடுத்த வாரங்களில் நான் அந்தத் தெருவுக்குப் போனபோதெல்லாம் டயானா என் கையை உதறிவிட்டு அந்த வீட்டுக்குள் ஓடியது. நாயை நானாகக் கொடுக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அது தேர்ந்துகொண்டது. நான் விதிமுறை வகுத்தேன்.

விதிமுறை இதுதான். நாய் அவர்கள் வீட்டில் வளரும். இணை சேர்ப்பது, ஈனுவது, குட்டிகள் எல்லாம் என் பொறுப்பு. மூன்று ஈத்து, அதாவது மூன்று முறை ஈன்று முடிந்ததும், நாய் முழுக்க அவர்களுக்குச் சொந்தம். இதைச் சொன்னதும் மாசிலாமணி, "வாரத்துக்கு மாடு வுடுவாங்களே, அது மாதிரியா சார்?" என்றார்.

பங்குக்கு விடும் மாட்டோடு என் நாயை ஒப்பிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. "அப்படி இல்லை, மாசிலாமணி. உங்க தறி மாதிரின்னு வெச்சுக்குங்க. முதலாளி ஒரு பாவு குடுக்கறார். அதுல மூணு சேலை. மூணையும் நெய்து அறுத்துக் குடுத்துட்டா உங்களுக்கும் அவருக்கும் பேச்சு முடிஞ்சது. அதே மாதிரி மூணு ஈத்து. மூணாவது முடிஞ்ச அன்னிக்கு நாய் உங்களோடது," என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "இத்தனி வெளக்கமா யாரும் எனக்கு சொன்னதில்ல சார். படிச்சவங்க படிச்சவங்கதான்."

அந்த உவமையை நினைத்து நான் நெடுநாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வீட்டில் அதற்குச் செல்லி என்று பெயர். கழிவுப் பட்டு நூல்களைச் சேர்த்து முறுக்கி, அலமேலு அதன் கழுத்துக்கு ஒரு கயிறு கட்டியிருந்தார். அரக்கும் பச்சையும் கலந்த கயிறு. தெருவில் கேலி செய்வார்கள். "ஊருக்கே பட்டு நெய்யறோம், நமக்கு நூல் சேல. மாசிலாமணி வூட்டு நாயி பட்டு கட்டிக்கினு போவுது பாரு!" அலமேலு திரும்பிக்கூடப் பார்க்காமல், "அதுக்கு வாச்ச வூட்டுக்காரன் அப்படி, உனக்கு வாச்சவன் இப்படி," என்று சொல்லிவிட்டுப் போவார். என் கூண்டில் மிரண்டுகொண்டிருந்த பிராணி அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடந்தது. முதல் ஈத்துக்கு என் வீட்டுக்கு வந்து ஈன்று, குட்டிகள் பால் மறந்ததும் அவர்களுடன் திரும்பிப் பாராமல் போயிற்று. குட்டிகள் எதுவும் மிரளவில்லை. என் கணக்கு சரியாகவே இருந்தது.

இரண்டாவது ஈத்தில் சிரமப்பட்டது. கடைசிக் குட்டி குறுக்கே சிக்கிக்கொள்ள, கால்நடை மருத்துவர் வந்து கைவைத்து எடுக்க வேண்டியதாயிற்று. அவர் என்னிலும் இளையவர். குறைவாகப் பேசுபவர். கையைக் கழுவிக்கொண்டே, "சார், இதோட நிறுத்திடுங்க. இன்னொண்ணு இது தாங்காது," என்றார். நான் ஒரு நொடியும் தயங்கவில்லை. அந்தத் தாயின் மூன்றாவது ஈத்துக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தவர்களிடம் இல்லை என்று சொல்லியனுப்பினேன். பிறகு மாசிலாமணி வீட்டுக்குப் போனேன்.

"இனி இதுக்கு ஈத்து கிடையாது. டாக்டர் வேண்டாம்னு சொல்லிட்டார். நாயை நீங்களே வெச்சுக்குங்க. இன்னிக்கிலேர்ந்து உங்களோடது," என்றேன்.

அலமேலு இரு கைகளையும் கூப்பினார். மாசிலாமணி இழை ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தார்.

"அது எப்டி சார்? மூணாவது பாக்கி இருக்குதே."

"பாக்கி வேண்டாம். நான் விட்டுட்டேன்."

"வேணாம் சார்," என்றார் அவர். கோபம் இல்லை. ஆனால் குரல் இறுகியிருந்தது. "வுட்டுட்டேன்ற வார்த்தைய நான் ஒருவாட்டி கேட்டுட்டேன்."

அப்போதுதான் எனக்கு அந்த விஷயம் தெரிய வந்தது. இளவயதில் அவர் ஒரு முதலாளியிடம் நெய்துகொண்டிருந்தபோது, பாவில் மூன்றாவது சேலை பாதியில் இருக்கும்போது அம்மை போட்டுப் படுத்துவிட்டார். முதலாளி பெரிய மனதோடு, "போனா போவுது, வுட்டுட்டேன்பா" என்றாராம். அதன்பின் வேறு முதலாளியிடம் போக அவர் நினைத்தபோதெல்லாம், "எனக்கு நீ அறுக்காத சேல ஒண்ணு இருக்குது, மறந்துட்டியா?" என்று கேட்டே அவரைப் பல ஆண்டுகள் கட்டி வைத்திருந்தார். அந்தக் கட்டிலிருந்து வெளியே வந்த பிறகு, எந்தப் பாவையும் மாசிலாமணி முடிக்காமல் விட்டதில்லை. காய்ச்சலோடு தறியில் உட்கார்ந்த மனிதர் அவர்.

எனக்குச் சுருக்கென்றது. "என்னை அந்த ஆளோட சேத்துப் பேசறீங்களா?"

"ஐயோ, உங்கள சொல்லல சார். என்ன சொல்லிக்கறேன். மூணாவது அறுக்காம இது என் வூட்ல இருந்தா, நான் தெனம் அது மூஞ்ச பாக்கறப்ப எல்லாம் உங்க மூஞ்சிதான் தெரியும்."

"குடுக்கறவரு மனசார குடுக்கறாரு, வாங்கிக்கயேன்யா!" என்று அலமேலு வெடித்தார். "உன் ரோசத்த கரைச்சு கஞ்சி காய்ச்சவா?"

மாசிலாமணி மறுபடியும் நாடாவை எடுத்தார். குழிக்குள் படுத்திருந்த நாய் தன் பெயர் அடிபடாதபோதும் தலையைத் தூக்கி மூவரையும் மாறி மாறிப் பார்த்தது.

நான் எழுந்துகொண்டேன். "சரி. ஈத்து கிடையாது, அது மட்டும் முடிவு. நாய் இங்கேயே இருக்கட்டும். யாரோடதுன்னு பிறகு பார்ப்போம்."

இளைஞர்களே, நம் தொழிலில் இதைவிட ஆபத்தான ஒரு வாக்கியத்தை நான் அறியேன். ஒரு நிலத்துக்கு யார் உரிமையாளர் என்பதைப் பிறகு பார்க்கலாம். நிலம் காத்திருக்கும். உயிர் காத்திருக்காது.

அதன்பின் என் தமையனாரின் உடல்நிலை காரணமாக நான் தஞ்சைக்குப் போக நேர்ந்தது. அவருடைய கடைசி நாள்கள் மாதக்கணக்கில் நீண்டன. காரியங்கள் முடிந்து நான் செவிலிமேட்டுக்குத் திரும்பிய மறுநாள், நடுப்பகலில், டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி அலமேலு என் வீட்டை நோக்கி ஓடி வந்தார். ஒரு நாளும் தலைவாராமல் நான் பார்த்திராத பெண்மணி.

"சார், செல்லி குழியில பூந்துக்கினு வர மாட்டேங்குது. காலைலேர்ந்து முக்கிக்கினே இருக்குது. ஒண்ணும் வரல."

"முக்குதா? எதுக்கு முக்கணும்?"

அவர் தரையைப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது.

வாடகைக் கார் ஒன்றைப் பிடித்து, வழியில் மருத்துவரை ஏற்றிக்கொண்டோம். மிச்சத்தை அலமேலு காரில் சொன்னார். முசரவாக்கத்தில் ஒரு தோப்பில் காவலுக்கு வளர்த்த நாயிடம் மாசிலாமணியே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்.

"என்ன ஜாதி?" என்றார் மருத்துவர்.

"பெரிய ஜாதி சார். கன்னுக்குட்டி ஒசரம். சாருக்கு குடுக்கற குட்டி சின்னதா இருக்கக் கூடாதுன்னு தேடித் தேடி புடிச்சாரு."

மருத்துவர் கண்களை மூடிக்கொண்டார். நான் அவ்வளவு எளிதில் அடங்கவில்லை. "டாக்டர் வேண்டாம்னு சொன்னதை நான் உங்க ரெண்டு பேர் எதிர்லதானே சொன்னேன்?"

"சொன்னீங்க சார். இல்லேன்னு சொல்லல. எங்க மேல எரக்கப்பட்டு பாக்கிய வுடறதுக்கு, டாக்டர் பேர ஒரு சாக்கா சொல்றீங்கன்னு அவரு நெனச்சுக்கினாரு. பெரிய மனுசங்க அப்டிதான் நாசூக்கா சொல்லுவாங்கன்னாரு. நீங்க ஊர்லேர்ந்து வர்றதுக்குள்ள முடிச்சு, குட்டிங்கள கூடையில வெச்சு எடுத்துக்கினு வந்து உங்க வாசல்ல வைக்கணும்னு..."

என் வார்த்தையை அவர்கள் நம்பவில்லை என்று சொல்ல முடியாது. என் பெருந்தன்மையை நம்பினார்கள். ஆகையால் என் எச்சரிக்கையை நம்பவில்லை. இந்த விபரீதத்தை எந்த விதிமுறையால் தடுத்திருக்க முடியும் என்று நான் இன்றும் யோசிக்கிறேன்.

வீட்டில் மாசிலாமணி குழியின் விளிம்பில் குப்புறப் படுத்து, உருளைமரத்துக்கு அடியில் தலையை நுழைத்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தறியில் ஒரு முகூர்த்தச் சேலை, பாதி நெய்யப்பட்டு, பளபளவென்று விரிந்திருந்தது. அந்தப் பாவின் மூன்றாவது சேலை அது. நான் குனிந்து, "டயானா" என்றேன். இருளிலிருந்து ஓர் உறுமல் வந்தது. "செல்லிம்மா" என்றார் அவர். வால் தரையில் ஒருமுறை தட்டுவது கேட்டது.

மருத்துவர் அவரை விலக்கிவிட்டு, தோள்வரை கையை நுழைத்துத் தடவிப் பார்த்தார். ஒரு குட்டி பிறப்பு வாசலிலேயே சிக்கி இறந்திருந்தது. அதை மெல்ல வெளியே கொண்டு வந்தார். என் நாய்க்குப் பிறந்த எந்தக் குட்டிக்கும் அவ்வளவு பெரிய தலை இருந்ததில்லை. அதற்குப் பின்னால் இன்னொன்று, அதைவிடப் பெரிதாக, அடைத்துக்கொண்டிருந்தது.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டு வழி இருக்குது. இங்கயே இழுத்துப் பாக்கலாம். கருப்பை கிழிஞ்சா தாய் இங்கயே போயிடும். இல்ல, மெட்ராசுக்குக் கொண்டு போயி வயித்தத் தெறந்து எடுக்கணும். போய்ச் சேந்தா பொழைக்கலாம், வழி தாங்கணும். எது செய்யறதுன்னு நான் சொல்ல முடியாது. உரியவங்க சொல்லணும். நாய் யாரோடது?"

"இவங்களோடது," என்றேன் நான்.

"சாரோடது," என்றார் மாசிலாமணி.

"நான் அன்னிக்கே குடுத்தாச்சு."

"நான் வாங்கலியே சார்."

இதை இப்போது படிக்கும்போது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். அந்த அறையில் அது இயல்பாக இருந்தது. "என்னுடையது" என்று நான் சொன்னால், கொடுத்ததைத் திரும்பப் பெற்றவன் ஆவேன். அவர் சொன்னால், ஈட்டாததை எடுத்துக்கொண்டவர் ஆவார். இரண்டு கண்ணியமான மனிதர்கள் ஒரு குழியின் இருபுறமும் நின்று, நீங்கள் சொல்லுங்கள், நீங்கள் சொல்லுங்கள் என்று ஒருவருக்கொருவர் இடம் விட்டுக்கொண்டிருந்தோம். கீழே அது முனகிக்கொண்டிருந்தது.

"யோவ், உங்க மரியாதைய அப்புறம் வெச்சுக்குங்கய்யா!" என்று அந்தக் குறைவாகப் பேசும் மருத்துவர் கத்தினார்.

"யாரோடதா இருந்தா இன்னா!" என்று அலமேலு மார்பில் அடித்துக்கொண்டார். "அதுக்கு வலிக்குதுய்யா! வண்டில ஏத்துங்க!"

"மெட்ராஸ்," என்றேன் நான்.

ஆனால் எப்படி வெளியே எடுப்பது? நாய் மிதிகட்டைகளுக்கு அப்பால், குழியின் கடைக்கோடிக்குப் போய் ஒடுங்கியிருந்தது. வந்த வழியே பின்னுக்கு இழுத்தால் வயிறு அழுந்தும். நேராக மேலே தூக்க வேண்டும். மேலே பாவு இருந்தது. முறைப்படி கழற்றி இறக்குவதற்கு நேரம் இல்லை என்று மருத்துவர் தலையை அசைத்தார்.

நான் மாசிலாமணியைப் பார்க்கவில்லை. பார்க்கும் துணிவு எனக்கு இல்லை. அவர் மாடத்திலிருந்து கத்தியை எடுத்தார். சேலை அறுக்கும் நாளில் அந்தக் கத்திக்குக் குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டு எடுப்பது அவர் வழக்கம். அன்று எதுவும் செய்யவில்லை. விரிந்திருந்த இழைகளை ஒரு கையால் அணைத்துப் பிடித்து, மறு கையால் ஓரத்திலிருந்து ஓரம்வரை அறுத்தார். பெரிய ஓசை ஒன்றும் எழவில்லை. அறுபட்ட பட்டு இருபுறமும் சரிந்து தளர்ந்தது. அலமேலு வாயைப் பொத்திக்கொண்டார். பாதிச் சேலையைச் சுற்றியிருந்த உருளைமரத்தைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, மாசிலாமணி குழிக்குள் குதித்து, நாயை இரு கைகளிலும் ஏந்தி எங்களிடம் நீட்டினார்.

காரின் பின் இருக்கையில் அதன் தலை அவர் மடியில் இருந்தது. மருத்துவர் அதன் வயிற்றின்மேல் கை வைத்தபடி கூட வந்தார். நான் முன்னால் அமர்ந்திருந்தேன். ஓட்டுநரிடம் வேகமாகப் போகும்படியும், பள்ளங்களில் மெதுவாகப் போகும்படியும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ராஜகுளத்து ஏரிக்கரையைத் தாண்டும்போது, "நிறுத்துங்க" என்றார் மருத்துவர். சற்று நேரம் காதை வைத்துக் கேட்டார். "இனி மெட்ராஸ் வேணாம்."

நாங்கள் ஒருவருக்கொருவர் இடம் விட்டுக்கொண்டு நின்ற நேரம் எவ்வளவு என்று நான் அவரைப் பின்னொரு நாள் கேட்டேன். "அதனாலதான் போச்சுன்னு சொல்ல முடியாது சார்," என்றார். அதனால் அல்ல என்றும் அவர் சொல்லவில்லை.

பிறகு நடந்தவற்றை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். அறுபட்ட பாவு மாசிலாமணியை எந்த முதலாளியிடமிருந்து விலகி வந்தாரோ அவரிடமே திரும்பக் கொண்டு சேர்த்தது. வேறு எவரும் அவரை நம்பிப் பாவு கொடுக்கவில்லை. அந்த இழப்பை நான் ஏற்றுக்கொள்வதாக ஆள் அனுப்பினேன், நேரிலும் போனேன். "உங்ககிட்ட பாக்கி வெச்சவன் உங்ககிட்டயே வாங்கறதா சார்?" என்று கேட்டு, தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டார். ஊரில், மருத்துவர் தடுத்தும் கேளாமல் நான் பேராசைப்பட்டு ஒரு கிழ நாயை ஈன வைத்துக் கொன்றுவிட்டதாகப் பேச்சு பரவிற்று. என்னிடம் குட்டி வாங்கியவர்கள்கூட அதை நம்பினார்கள். நான் மறுக்கவில்லை. மறுப்பதானால் அவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். என் பெயரை நான் பெரிதும் காத்து வந்தவன் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதை அந்த ஒருமுறை காக்காமல் விட்டேன். அதனால் அவருக்கு ஒரு நன்மையும் விளையவில்லை.

இப்போது அந்த மாலைக்குத் திரும்புகிறேன். கார் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் வந்து நின்றது. அலமேலு வாசலில் நின்றிருந்தார். எங்கள் முகங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், கொல்லையில் முருங்கை மரத்தடியில் மண்வெட்டியைக் கொண்டுபோய் வைத்தார். அங்கேதான் அது வெயிலில் படுக்கும். நான் இறங்கிப் பின்கதவைத் திறந்தேன். மாசிலாமணி அசையவில்லை.

"இறக்குங்க, மாசிலாமணி. உங்க வீட்டிலேயே அடக்கம் பண்ணலாம்."

"இல்ல சார். எடுத்துக்கினு போங்க."

"என்ன பேசறீங்க? இது உங்களோடது."

"மூணாவது அறுபடல சார்." அவர் குரலில் அழுகை இல்லை. ஒரு கணக்கைப் படிப்பவர் போலச் சொன்னார். "பாதியில போச்சு. இது உங்க நாயி. உங்க நாய சாவடிச்சுட்டு, அதையும் என் கொல்லையில பொதச்சு வெச்சுக்க நான் யாரு?"

"இது சேலை இல்லை, மாசிலாமணி!" என்றேன். தெருவில் நின்று நான் குரல் உயர்த்தியது அன்று ஒருநாள்தான்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். குற்றம் சாட்டும் பார்வை அன்று. புரியாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்பும் பார்வை.

"நீங்கதான சார் சொன்னீங்க, சேல மாதிரின்னு?"

அவர் அதன் தலையை மடியிலிருந்து மெல்ல எடுத்து இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினார். அலமேலு கொல்லையிலிருந்து வந்து கணவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்கள் இருவரிடமும் பேசிப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. காருக்குள் குனிந்து, அந்தப் பட்டுக் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தார். இறுகியிருந்த முடிச்சு, பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்தது.

"இது நான் முறுக்குனது," என்றார் என்னைப் பாராமல். "இது மட்டும் எங்களுது."

நான் அதைச் செவிலிமேட்டுக்குக் கொண்டு வந்தேன். அது இருக்க விரும்பாத, ஈனுவதற்கு மட்டும் வந்து போன இடத்தில், கூண்டுகளுக்குப் பின்னால் புதைத்தேன். யாருக்கு நஷ்டம் என்று கேட்டவரே, எனக்கு இல்லை. அன்று மாலைதான் அந்த நாய், பங்கு எதுவும் இல்லாமல், முழுவதும் எனக்குச் சொந்தமாயிற்று.